36 மாதக் கையெழுத்து

அமெரிக்காவில் முதல் குழந்தையை எதிர்பார்க்கும் வீடுகளில் ஏழாம் மாதத்தை ஒட்டி ஒரு பேச்சு எழுகிறது. இருக்கிற கார் போதுமா? பத்து வருடம் ஓடிய கொரோலாவில் பச்சைக்குழந்தையை ஏற்றலாமா? பெரிய வண்டி வாங்க முன்பணம் இல்லையென்றால் மூன்று வருடத்துக்கு லீஸ் எடுத்துவிட்டால் என்ன? நியூ ஜெர்சியிலும் டெக்சாஸிலும் கலிபோர்னியாவின் விரிகுடாப் பகுதியிலும் வேலைக்காகக் குடியேறிய தமிழ்க் குடும்பங்களிலும் இதே பேச்சுதான். அங்கே பேறுகாலத்துக்கு ஊரிலிருந்து அம்மா அப்பா வருவதும் விசாவின் காலவரம்பும் கணக்கில் கூடுதலாகச் சேர்ந்துகொள்கின்றன. பேச்சு எங்கே தொடங்கினாலும் கடைசியில் "மாதம் எவ்வளவு வரும்?" என்பதில் வந்து நிற்கிறது. அந்தக் கேள்வியைச் சற்றுத் தள்ளிவைத்து, லீஸ் ஒப்பந்தம் நம்மிடம் என்ன கேட்கிறது என்று பார்ப்பது பயனுள்ளது. அடுத்த 36 மாதங்களில் எங்கே இருப்போம், எவ்வளவு தூரம் ஓட்டுவோம், எத்தனை பேரை ஏற்றுவோம் என்பதை இன்றே தீர்மானித்துக் கையெழுத்திடச் சொல்கிறது அது. இந்த மூன்றையும் முன்கூட்டிச் சொல்லவே இயலாத காலம் ஒன்று குடும்ப வாழ்வில் உண்டென்றால், அது முதல் பிள்ளை பிறந்ததும் வரும் மூன்று வருடம். ஆகவே பிரசவத்துக்கு முன்பு அந்தக் கையெழுத்தைப் போடாமல் தள்ளிவைப்பதே பெரும்பாலான குடும்பங்களுக்கு நல்லது என்பது என் வாதம்.

பிறக்கப்போகும் குழந்தைக்குக் காரிடமிருந்து என்னதான் வேண்டும்? நாம் நினைப்பதைவிடக் குறைவு. விபத்தில் குழந்தையைக் காப்பது முதன்மையாகக் கார் சீட். அந்தச் சீட்டை அசையாமல் பிடித்துக்கொள்வது காரின் வேலை. 1978இல் டென்னசி மாநிலம் குழந்தைகளுக்குத் தனி இருக்கையைச் சட்டமாக்கியது. 1985க்குள் 50 மாநிலங்களும் அதே வழியில் வந்துவிட்டன. அமெரிக்காவில் விற்கப்படும் சீட் 60 டாலரானாலும் 500 டாலரானாலும் 213 என்ற எண்ணுள்ள ஒரே கூட்டாட்சிப் பாதுகாப்புத் தரநிலையை நிறைவு செய்தாக வேண்டும். சீட்டைக் கொக்கி போட்டு மாட்டும் 'லாட்ச்' வளையங்கள் 2002 செப்டம்பர் முதல் புதுக் கார்களின் பின்னிருக்கையில் கட்டாயமாயின. வண்டி வழுக்கித் திரும்பிவிடாமல் தானாகவே பிரேக் பிடித்து நிலைநிறுத்தும் மின்னணு ஏற்பாடு 2012 மாடலிலிருந்து எல்லாக் கார்களிலும் இருக்கிறது. அதாவது பத்துப் பன்னிரண்டு வருடப் பழைய காரிலும் குழந்தைப் பாதுகாப்பின் அடிப்படைகள் ஏற்கெனவே உள்ளன. 2024இல் அமெரிக்கச் சாலைகளில் ஓடிய வண்டிகளின் சராசரி வயதே 12.6 வருடம். அந்த நாட்டில் பிறந்த குழந்தைகளில் பெரும்பகுதி புதுக் காரில் வீடு திரும்பியிருக்க வழியில்லை.

சீட்டின் பங்கு எவ்வளவு பெரியது என்பதற்கு எண்கள் இருக்கின்றன. பயணிகள் காரில் சரியாகப் பயன்படுத்தப்படும் குழந்தை இருக்கை, ஒரு வயதுக்கு உட்பட்ட சிசு விபத்தில் இறக்கும் வாய்ப்பை 71 சதவீதமும், ஒன்று முதல் நான்கு வயதுவரையுள்ள பிள்ளை இறக்கும் வாய்ப்பை 54 சதவீதமும் குறைக்கிறது என்கிறது தேசிய நெடுஞ்சாலைப் போக்குவரத்துப் பாதுகாப்பு நிர்வாகம். இதில் 'சரியாக' என்ற சொல்லின் மேல் கொஞ்சம் நின்றுதான் போக வேண்டும். அதே நிர்வாகத்தின் கணிப்பின்படி, ஏறத்தாழ 46 சதவீதச் சீட்டுகள் பாதுகாப்பைக் குறைக்கும் ஏதோ ஒரு தவறோடு பயன்பாட்டில் இருக்கின்றன. சீட் தளர்வாக ஆடும், சாய்வு தப்பியிருக்கும், தோள்பட்டை வார் தொய்ந்திருக்கும், மார்பில் இருக்க வேண்டிய கிளிப் வயிற்றுக்கு இறங்கியிருக்கும். புதுக் கார் இந்தத் தவறுகளில் ஒன்றையும் திருத்தாது. சான்றிதழ் பெற்ற குழந்தைப் பயணப் பாதுகாப்பு வல்லுநர் ஒருவர் அரைமணி நேரத்தில் திருத்திவிடுவார். பல ஊர்களில் தீயணைப்பு நிலையத்திலோ மருத்துவமனையிலோ இந்தச் சேவை இலவசமாகவே கிடைக்கிறது. குழந்தையின் பாதுகாப்புக்காக ஒரு குடும்பம் செலவிடக்கூடிய மிகப் பயனுள்ள அரைமணி நேரம் அதுதான் என்று தயங்காமல் சொல்லலாம்.

இடப்பிரச்சினை உண்மையானது. அமெரிக்கக் குழந்தை மருத்துவ அகாதமி முன்பு, பிள்ளைகளைக் குறைந்தது இரண்டு வயதுவரை பின்னோக்கி உட்காரவைக்கச் சொன்னது. 2018இல் அந்த வயது எல்லையை நீக்கி, சீட் அனுமதிக்கும் எடையையோ உயரத்தையோ எட்டும்வரை பின்னோக்கியே வைத்திருங்கள் என்று பரிந்துரையை மாற்றியது. காரணம் எளிது. சிறு பிள்ளையின் உடலோடு ஒப்பிட்டால் தலை கனமானது, கழுத்து இளசு. முன்மோதலில் பின்னோக்கிய சீட்டின் முதுகு அந்த விசையைத் தலை, கழுத்து, முதுகு முழுவதற்கும் பரப்பி வாங்கிக்கொள்கிறது. ஆனால் பின்னோக்கிச் சாய்த்த சீட் நீளத்தை விழுங்கும். சிறிய செடானில் அதற்கு முன்னால் இருக்கும் இருக்கையை டாஷ்போர்டுப் பக்கம் தள்ள வேண்டிவரும், உயரமானவர் அங்கே உட்கார முடியாமலும் போகலாம். இது அளந்து பார்க்க வேண்டிய விஷயம். சீட்டை வாங்கி இருக்கும் காரில் மாட்டிப் பார்த்தால் ஒரே மாலையில் தெரிந்துவிடும். அந்தச் சோதனையைச் செய்யாமலேயே எஸ்யூவி வேண்டும் என்ற முடிவுக்கு வந்துவிடுவதுதான் பொதுவாக நடக்கிறது.

தமிழ்க் குடும்பங்களில் இடத்தின் அழுத்தம் இன்னொரு பக்கத்திலிருந்தும் வருகிறது. பேறுகாலத்துக்குப் பார்வையாளர் விசாவில் வரும் பெற்றோருக்கு வழக்கமாக ஆறு மாதம் தங்க அனுமதி கிடைக்கிறது. கணவன், மனைவி, குழந்தை, பாட்டி, தாத்தா என்று எண்ணும்போதே ஐந்து பேர் ஆகிவிடுகிறார்கள். பின்னிருக்கை நடுவில் சீட்டை மாட்டி இரு பக்கமும் முதியவர்களை உட்காரவைத்தால் மூட்டுவலிக்காரர்களுக்கு அது தண்டனை. அதனால் மூன்று வரிசை வண்டி, சியன்னாவோ பைலட்டோ, தேவை என்று தோன்றுகிறது. ஆனால் அந்தத் தேவையின் ஆயுள் ஆறு மாதம். அதிலும் ஐவரும் சேர்ந்து போகும் நாட்கள் கோயிலுக்கு, விமான நிலையத்துக்கு, ஒரு நயாகரா பயணத்துக்கு என்று விரல்விட்டு எண்ணக்கூடியவை. அந்த நாட்களுக்கு மட்டும் மினிவேனை வாடகைக்கு எடுப்பதும், ஆறு மாதத் தேவைக்காக 36 மாதம் பெரிய வண்டிக்குத் தவணை கட்டுவதும் வேறு வேறு. பெரிய வண்டிக்கு ஒரு இருண்ட பக்கமும் உண்டு, அதையும் சொல்லத்தான் வேண்டும். வண்டி உயர உயர, அதன் பின்னாலும் முன்னாலும் ஓட்டுநர் கண்ணுக்குத் தெரியாத நிலம் பெரிதாகிறது. 2002இல் நியூயார்க் மாநிலத்தில் தந்தை பின்னோக்கி எடுத்த எஸ்யூவியில் அடிபட்டு இரண்டு வயதுக் குழந்தை இறந்தது. அந்தக் குழந்தையின் பெயரைத் தாங்கிய சட்டம் 2008இல் வந்தது. அதன் விளைவாகத்தான் 2018 மே முதல் எல்லாப் புதுக் கார்களிலும் பின்புறக் கேமரா கட்டாயமானது. நடக்கத் தொடங்கிய பிள்ளை இருக்கும் வீட்டின் வாசலில் நிற்கப்போகும் வண்டி எது என்று யோசிக்கும்போது இதுவும் நினைவில் இருக்க வேண்டும். பழைய காரில் கேமரா இல்லையென்றால் தனியாக ஒன்றைப் பொருத்திக்கொள்ள முடியும்.

இனி லீஸின் கணக்கு. அமெரிக்காவில் தனிநபர் லீஸ் பரவியதற்கு ஒரு வரிக் காரணம் சொல்லப்படுவதுண்டு. 1986ஆம் ஆண்டின் வரிச் சீர்திருத்தம், கார்க் கடன் வட்டியை வருமானத்திலிருந்து கழித்துக்கொள்ளும் சலுகையைப் படிப்படியாக நீக்கியது. கடனில் வாங்குவதன் கவர்ச்சி அதனால் குறைந்தது. கொரோனாவுக்கு முன்பு புதுக் கார்களில் ஏறத்தாழ 30 சதவீதம் லீஸில் போயின. லீஸில் நாம் கொடுப்பது இரண்டுக்காக: வண்டி நம்மிடம் இருக்கும் காலத்தில் இழக்கும் மதிப்புக்கு, அதில் முடங்கியிருக்கும் பணத்தின் வட்டிக்கு. எடுத்துக்காட்டாக, பேசி முடித்த விலை 36,000 டாலர், 36 மாதம் கழித்து எஞ்சும் மதிப்பு 22,000 என்று ஒப்பந்தம் வைக்கிறது என்போம். இடையிலுள்ள 14,000ஐ 36ஆல் வகுத்தால் மாதம் 389. வட்டியைக் கணக்கிட அங்கே 'மனி ஃபேக்டர்' என்ற ஒரு சின்னப் பின்னத்தைப் பயன்படுத்துகிறார்கள். அது 0.0025 என்றால், விலையையும் எஞ்சிய மதிப்பையும் கூட்டிவரும் 58,000ஐ அதனால் பெருக்க வேண்டும். மாதம் 145 வருகிறது. மொத்தம் 534. மனி ஃபேக்டரை 2,400ஆல் பெருக்கினால் அது எத்தனை சதவீத வட்டி என்று தெரியும். இங்கே 6 சதவீதம். 1976ஆம் ஆண்டின் நுகர்வோர் லீஸ் சட்டம் தவணை, எஞ்சிய மதிப்பு, மொத்த வாடகைக் கட்டணம் எல்லாவற்றையும் எழுத்தில் தரச் சொல்கிறது. வட்டி விகிதத்தைச் சொல்ல வேண்டும் என்று மட்டும் கட்டாயப்படுத்தவில்லை. கடன் வாங்குபவர் முதல் பார்வையில் காணும் எண்ணை லீஸ் எடுப்பவர் கேட்டுத்தான் வாங்க வேண்டும்.

அதே காரை அதே 6 சதவீத வட்டிக்கு 60 மாதக் கடனில் வாங்கினால் தவணை 696 டாலர். 534க்கும் 696க்கும் உள்ள 162 டாலர் இடைவெளிதான் விளம்பரங்களில் லீஸை மலிவாகக் காட்டுகிறது. ஆனால் 36 மாதம் முடிந்த நாளில் இரண்டு குடும்பங்களையும் பக்கத்தில் நிறுத்திப் பார்க்கலாம். லீஸ் குடும்பம் 19,220 டாலர் கொடுத்திருக்கிறது, கையில் வண்டி இல்லை. கடன் குடும்பம் ஏறத்தாழ 25,055 கொடுத்திருக்கிறது, இன்னும் 15,703 பாக்கி. வண்டியை அதே 22,000க்கு விற்றால் பாக்கி போக 6,297 கைக்கு வரும். அவர்களுடைய நிகரச் செலவு 18,758. வித்தியாசம் 500 டாலருக்கும் குறைவு; லீஸின் தொடக்கக் கட்டணம், வண்டியைத் திருப்பும்போது வாங்கும் கட்டணம் இரண்டும் சேர்ந்தால் சற்றுக் கூடும். லீஸ் என்றால் பணம் பாழ் என்று சொல்பவர்களும், லீஸ்தான் சிக்கனம் என்று சொல்பவர்களும் இந்த மூன்று வருட எல்லைக்குள் ஒரே அளவுக்குத் தவறுகிறார்கள். புதுக் காரின் முதல் மூன்று வருடம் யார் எப்படி வாங்கினாலும் விலை மிகுந்த காலம். மதிப்பு செங்குத்தாகச் சரிவது அப்போதுதான். கடனில் வாங்கியவருக்கு அந்தச் சரிவு ஒருமுறை. லீஸை மூன்று வருடத்துக்கு ஒருமுறை புதுப்பிப்பவர் ஒவ்வொரு முறையும் அதே செங்குத்துக்குப் பணம் கொடுக்கிறார்.

ஆகவே மூன்று வருடத்துக்குள் இந்த இரண்டு வழிகளையும் பிரிப்பது பணத்தைவிட, பாதியில் வெளியேறும் வழிதான். சொந்தக் காரை எந்த நாளிலும் விற்கலாம். கடன் பாக்கி விலையைவிட அதிகமாக இருந்தால் இழப்பு உண்டு, ஆனால் அந்த இழப்பின் அளவு கண்ணுக்குத் தெரியும், கதவும் திறந்திருக்கும். லீஸைப் பாதியில் முறித்தால் கட்டணம் பல ஆயிரம் டாலர் வரை போகலாம் என்றும், எவ்வளவு முன்னதாக முறிக்கிறோமோ அவ்வளவு கூடும் என்றும் ஒப்பந்தத்திலேயே எச்சரிக்க வேண்டும் என்று விதிமுறை சொல்கிறது. வேறொருவருக்கு மாற்றிக் கொடுக்கலாம் என்பார்கள். சில நிறுவனங்கள் அதை அனுமதிப்பதில்லை. சில அனுமதித்தாலும் புதியவர் தவறினால் பழையவரே பொறுப்பு என்று வைத்திருக்கின்றன. வேறு டீலரிடம் விற்றுத் தீர்க்கும் வழி முன்பு தாராளமாக இருந்தது. 2021இல் பழைய கார் விலை ஏறியபோது பல உற்பத்தியாளர்களின் நிதி நிறுவனங்கள் அந்தக் கதவையும் குறுக்கின. இதில் கவனிக்கத்தக்க ஒரு விதிவிலக்கு உண்டு. படைவீரர் ஒருவர் 180 நாட்களோ அதற்கு மேலோ பணிக்கு அனுப்பப்பட்டால், முறிப்புக் கட்டணமின்றிக் கார் லீஸை முடித்துக்கொள்ள 2003ஆம் ஆண்டின் கூட்டாட்சிச் சட்டம் உரிமை தருகிறது. ஒரு மனிதரின் வாழ்க்கை ஒப்பந்தத்தின் நடுவே அடியோடு மாறக்கூடும் என்பதைச் சட்டம் அங்கே ஒப்புக்கொள்கிறது. பிள்ளை பெறுவதற்கு அப்படியொரு சலுகை இல்லை.

மாறப்போவது என்னென்ன என்று பார்த்தால் இந்தப் பூட்டின் கனம் புரியும். அமெரிக்காவில் ஊதியத்துடன் கூடிய பேறுகால விடுப்பைத் தனியார் நிறுவனங்களுக்குக் கட்டாயமாக்கும் கூட்டாட்சிச் சட்டம் இல்லை. 1993ஆம் ஆண்டின் குடும்ப, மருத்துவ விடுப்புச் சட்டம் தருவது 12 வாரம், ஊதியமின்றி; அதுவும் 50 பேருக்குக் குறையாத நிறுவனத்தில் குறைந்தது ஒரு வருடம் வேலை பார்த்தவருக்கு. பிறகு டேகேர். ஒரு குழந்தைக்கான பராமரிப்புச் செலவு, மாவட்டத்தைப் பொறுத்து, நடுத்தரக் குடும்ப வருமானத்தில் 8 முதல் 19 சதவீதம் வரை போகிறது என்று தொழிலாளர் துறையின் தரவு காட்டுகிறது. அந்தச் செலவைப் பார்த்து ஒருவர் வேலையை விடலாம், வீட்டிலிருந்தே வேலை செய்யும் இடத்துக்கு மாறலாம், நல்ல பள்ளி தேடி முப்பது மைல் தள்ளி வீடு பார்க்கலாம். ஒவ்வொன்றும் ஓட்டும் தூரத்தை மாற்றும். லீஸோ வருடத்துக்கு 10,000, 12,000 அல்லது 15,000 மைல் என்று முதல் நாளே வேலி போட்டுவிடுகிறது. வேலி தாண்டினால் மைலுக்கு 25 சென்ட் என்று வைத்தால், வருடம் 3,000 மைல் கூடுதலாக ஓடிய குடும்பம் கடைசியில் 2,250 டாலர் கட்ட வேண்டும். மாறாக, பயந்து 15,000 மைல் திட்டத்தை எடுத்துவிட்டு வீட்டிலேயே இருந்தால், ஓடாத மைலுக்குக் கொடுத்த பணம் திரும்பி வராது. அதுபோகப் பாலும் பிஸ்கட்டும் சிந்திய துணி இருக்கை, சீட் அழுத்தி அழுத்திக் குழிவிழுந்த தோல் இருக்கை எல்லாம் வண்டியைத் திருப்பும் நாளில் 'அதிகப்படியான தேய்மானம்' என்று பரிசோதகர் கண்ணில் படக்கூடியவை.

எச்-1பி என்ற வேலை விசாவில் இருப்பவர்களுக்கு இந்தக் கனம் இன்னும் அதிகம். வேலை போனால் அவர்களுக்குப் பொதுவாகக் கிடைக்கும் அவகாசம் அதிகபட்சம் 60 நாள். அதற்குள் வேறு நிறுவனமோ வேறு விசா நிலையோ அமையாவிட்டால் கிளம்ப வேண்டியதுதான். கைக்குழந்தையோடு 60 நாளில் ஒரு வீட்டைக் காலி செய்யும் குடும்பம், 20 மாதத் தவணை பாக்கியிருக்கும் லீஸ் காரையும் தீர்க்க வேண்டுமென்றால் அந்தச் சுமை எப்படியிருக்கும்? சொந்தக் காரென்றால் ஒரு வார இறுதியில் விற்று விமான டிக்கெட் எடுக்கலாம். இப்படியெல்லாம் நடக்குமா என்று கேட்கலாம். பலருக்கு நடக்காது. ஆனால் நடந்தால் தாங்கும் வழி திறந்திருக்கிறதா என்பதைப் பிள்ளை பிறக்கும் வருடத்தில் கேட்காமல் வேறெப்போது கேட்பது?

இதற்கு எதிராகச் சொல்லப்படுபவற்றில் வலுவானது பழுது பற்றியது. இரவு மூன்று முறை எழும் பெற்றோருக்கு, காய்ச்சலில் அனத்தும் குழந்தையை ஏற்றியதும் கார் கிளம்பாமல் போவது சிறு தொல்லை அல்ல. புதுக் காருக்கு வழக்கமாக 3 வருடம் அல்லது 36,000 மைல் உத்தரவாதம் இருக்கிறது. 36 மாத லீஸ் பெரும்பாலும் அதற்குள்ளேயே முடிகிறது. இந்த நிம்மதிக்கு மதிப்பு உண்டு, அதை மறுக்க மாட்டேன். நான் சொல்வது, அந்த நிம்மதியை வேறு விலைக்கும் வாங்கலாம் என்பதே. இருக்கும் காரைப் பிரசவத்துக்கு இரண்டு மாதம் முன்பு நம்பகமான மெக்கானிக்கிடம் விட்டு டயர், பிரேக், பேட்டரி மூன்றையும் பார்த்துப் புதுப்பிப்பதற்கு லீஸின் சில மாதத் தவணைதான் ஆகும். அதன் பிறகும் வண்டி நம்பத்தகாதது என்று மெக்கானிக் சொன்னால், அப்போது மாற்றத்தான் வேண்டும். அங்கும் லீஸ்தான் ஒரே வழி என்றாகிவிடாது.

இரண்டாவது, கைப்பணம் பற்றிய வாதம். விடுப்பில் வருமானம் குறையும் வருடத்தில் 696ஐவிட 534 நல்லதல்லவா? நல்லதுதான், இரண்டில் ஒன்றை எடுத்தே ஆக வேண்டுமென்றால். ஏற்கெனவே கடன் தீர்ந்த கார் வாசலில் நிற்கும் குடும்பத்துக்கு மூன்றாவது எண் ஒன்று இருக்கிறது: பூஜ்யம். வருமானம் இறங்கவிருக்கும் வருடத்துக்குள் புதிய மாதக் கடமை எதையும் ஏந்திச் செல்லாமல் இருப்பதே பெரிய பலம். தவணையை இன்னும் குறைத்துக் காட்ட, கையெழுத்தின்போது இரண்டாயிரம் மூவாயிரம் டாலர் கட்டச் சொல்லும் விளம்பரங்களில் ஓர் அபாயமும் ஒளிந்திருக்கிறது. முதல் மாதத்திலேயே வண்டி விபத்தில் முற்றிலும் அழிந்தால் காப்பீட்டுப் பணம் லீஸ் நிறுவனத்துக்குப் போகும். நாம் முன்னால் கட்டியது பெரும்பாலும் திரும்பாது. மாநில வரியும் இடத்துக்கு இடம் மாறுகிறது. பல மாநிலங்களில் மாதத் தவணைக்கு மட்டும்தான் விற்பனை வரி. டெக்சாஸில் லீஸ் வண்டியின் முழு விலைக்கும் 6.25 சதவீத வரி விழுகிறது, அது எடுப்பவர் தலையில்தான் வந்து சேர்கிறது. நியூ ஜெர்சி நண்பர் சொன்ன கணக்கை டாலஸில் அப்படியே நம்ப முடியாது.

மூன்றாவது வாதம் லீஸின் உண்மையான நற்குணம் ஒன்றைத் தொடுகிறது. முடிவில் வண்டியின் சந்தை விலை ஒப்பந்தத்தில் போட்ட எஞ்சிய மதிப்பைவிடக் குறைந்திருந்தால் திருப்பிக் கொடுத்துவிடலாம், இழப்பு நிறுவனத்துக்கு. கூடியிருந்தால் அந்த மதிப்புக்கே நாம் வாங்கிக்கொள்ளலாம். 2021, 2022இல் லீஸ் முடிந்தவர்கள் பலருக்கு இது ஆயிரக்கணக்கான டாலர் லாபமாக அமைந்தது. விலை எப்படி இறங்கும் என்று யாருக்கும் தெரியாத வண்டிகளில், குறிப்பாக மின்சாரக் கார்களில், இந்தக் காப்பு பெரிய விஷயம். 2022ஆம் ஆண்டின் பணவீக்கக் குறைப்புச் சட்டத்தின்கீழ் லீஸ் நிறுவனங்களுக்குக் கிடைத்த 7,500 டாலர் வரிச்சலுகை தவணையில் கழிக்கப்பட்டபோது மின்சாரக் கார் லீஸ் பலருக்கு மிக மலிவாகவே வந்தது. 2025 செப்டம்பர் 30உடன் அந்தச் சலுகை முடிந்துவிட்டது. இவ்வளவையும் ஒப்புக்கொண்ட பிறகும், லீஸ் நம்மைக் காப்பது காரின் விலை மாறுவதிலிருந்து மட்டுமே. குடும்பத்தின் நிலை மாறுவதிலிருந்து அது காப்பதில்லை. முதல் பிள்ளைக்காகக் காத்திருக்கும் வீட்டில் இரண்டாவதுதான் பெரிய அபாயம்.

லீஸ் பொருந்தும் குடும்பங்கள் இருக்கின்றன. வேலையும் வீடும் நிலைபட்டு, ஓட்டும் தூரம் வருடக்கணக்கில் மாறாமல், மூன்று வருடத்துக்கு ஒருமுறை எப்படியும் வண்டி மாற்றுகிறவர்களுக்கு அது நேர்மையான ஏற்பாடு. உற்பத்தியாளர் தேங்கிய வண்டியைத் தள்ள எஞ்சிய மதிப்பை உயர்த்தியும் வட்டியைக் குறைத்தும் தரும் சமயத்தில் கடனைவிட மலிவாகவும் அமையலாம். முதல் பிள்ளைக்கு மூன்று நான்கு வயதாகி, இரண்டாவது பிறந்து, பாட்டி தாத்தா எத்தனை மாதம் இருப்பார்கள், டேகேர் எத்தனை மைல் என்பதெல்லாம் பழகிப்போன வீட்டில் 36 மாதத்தை முன்கூட்டிச் சொல்வது அவ்வளவு கடினம் இல்லை. அப்போது எடுக்கும் லீஸை நான் எதிர்க்க மாட்டேன்.

லீஸ் முறைக்கு இன்னொரு பயன் உண்டு, அதை அனுபவிப்பவர் லீஸ் எடுத்தவர் அல்ல. அவர் திருப்பிக் கொடுக்கும் வண்டி ஒரே கையில் இருந்தது. மைல் வேலிக்குப் பயந்து 36,000 மைலை ஒட்டி ஓடியது. ஒப்பந்தப்படி சர்வீஸ் செய்யப்பட்டது. செங்குத்தான மதிப்புச் சரிவை முதல் குடும்பம் ஏற்றுவிட்டது. சான்றளிக்கப்பட்ட பழைய காராக நீட்டித்த உத்தரவாதத்தோடு அது டீலரிடம் விற்பனைக்கு நிற்கிறது. நம் எடுத்துக்காட்டுக் காரை அந்த நிலையில் 24,500 டாலருக்கு, பழைய காருக்கான சற்றுக் கூடிய 8 சதவீத வட்டியில், 60 மாதக் கடனாக வாங்கினால் தவணை 497. மூன்று வருடத்தில் அதன் மதிப்பு மேலும் 10,000 குறைந்து, வட்டியாக 4,369 போய், டயருக்கும் பழுதுக்கும் 2,000 செலவானாலும் மொத்தம் 16,400 அளவில் நிற்கும். லீஸோடு ஒப்பிட்டால் மிச்சம் மூவாயிரத்தை ஒட்டித்தான், பெரும் செல்வம் இல்லை. ஆனால் வெளியேறும் கதவு திறந்திருக்கிறது, மைல் வேலி இல்லை, இருக்கையில் பால் சிந்தினால் யாருக்கும் பதில் சொல்ல வேண்டியதில்லை. இந்த வழியிலும் இப்போது ஒரு முடை இருக்கிறது. 2022இல் லீஸின் பங்கு 20 சதவீதத்துக்கும் கீழே இறங்கியதால், மூன்று வருடம் கழித்துத் திரும்பி வர வேண்டிய வண்டிகள் குறைந்துவிட்டன. 2025 செப்டம்பரில் புதுக் காரின் சராசரி விற்பனை விலை 50,000 டாலரைத் தாண்டியதும் பழைய கார் விலையைக் கீழே இறங்க விடவில்லை. நல்ல பழைய கார் கிடைக்கப் பல வாரம் தேட வேண்டியிருக்கலாம். பிரசவத் தேதியைக் கெடுவாக வைத்துக்கொண்டு தேடினால் அவசரத்துக்கு விலை கொடுக்க நேரும் என்பதால், தேடலையும் குழந்தை பிறந்த பிறகு வைத்துக்கொள்வது நல்லது.

36 மாதம் என்ற அளவே பிள்ளையின் வளர்ச்சியோடு ஒட்டவில்லை என்பதையும் சேர்த்துப் பார்க்கலாம். மூன்று வயதுப் பிள்ளையின் எடை சராசரியாக 14 கிலோவை ஒட்டியிருக்கும். இன்றைய பெரிய சீட்டுகள் பலவும் 18 கிலோ, 22 கிலோ வரை பின்னோக்கி உட்கார அனுமதிக்கின்றன. பிரசவத்துக்கு முன் எடுத்த லீஸ் முடியும் நாளில் பிள்ளை அதே சீட்டில், அதே திசையில்தான் உட்கார்ந்திருக்கும்; 4 அடி 9 அங்குலம் வளர்ந்து காரின் சாதாரணப் பெல்ட் பொருந்துவதற்கு இன்னும் ஐந்தாறு வருடமாவது இருக்கும். பாதி வழியில் சீட்டைக் கழற்றி வேறொரு வண்டியில் மாட்ட வேண்டும், மறுபடியும் டீலர் முன் உட்கார வேண்டும். ஏழாம் மாதத்தில் இருப்பவர்கள் இந்த வாரம் செய்யக்கூடியது ஒன்று இருக்கிறது. சீட்டை வாங்கி, இருக்கிற காரின் பின்னிருக்கையில் பின்னோக்கி மாட்டி, இருவரில் உயரமானவர் அதன் முன்னாலுள்ள இருக்கையில் உட்கார்ந்து கதவைச் சாத்திப் பார்க்கட்டும். முழங்கால் டாஷ்போர்டில் இடிக்கவில்லையென்றால், காரை மாற்றும் பேச்சைக் குழந்தைக்கு ஆறு மாதம் ஆகும்வரை ஒத்திவைக்கலாம்.